வராத படத்தின் பாட்டு

ஞாயிறு, இரவு

திருக்கோவிலூர் திருவிழாக் கச்சேரியில் இன்று நானே எழுதிய பாட்டைப் பாடிவிட்டேன். சினிமாப் பாட்டை விட்டுச் சொந்தப் பாட்டென்றால் கூட்டம் எழுந்து போய்விடும் என்று குழுத் தலைவர் எப்போதும் பயமுறுத்துவார். மைக்கைப் பிடித்ததும், "இது வரப்போற படத்துல வர்ற பாட்டு" என்று வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. நல்ல கைதட்டல். இறங்கியதும் தலைவர், "அடுத்து வடக்கனந்தல் கச்சேரியிலயும் இதையே பாடு. படத்து பேரையும் சொல்லிடு" என்றார். எந்தப் பேரைச் சொல்வது?

அதைவிடப் பெரிய பயம் என் மனைவிதான். அவளுடைய அண்ணன் எதிரில் நான் அவளைத் திட்டியதிலிருந்து நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல்தான் அந்தப் பாட்டையே எழுதினேன். ஆனாலும் கச்சேரிக்கு வந்திருந்தாள். திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதையே முணுமுணுத்தாள். கள்ளக்குறிச்சி நெருங்கும்போது பேசினாள்.

"இன்னா படம்ங்க அது?"

"தெரியல."

"நல்லா கீது. ஆனா பாட்டு பாடிக்கினு இருக்கறதுக்குப் பதிலா, அந்த ஆளு பொண்டாட்டிகிட்ட நேரா மன்னிப்பு கேட்டிருக்கலாம்ல?"

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

இப்போது அடுப்படியில் இரண்டாவது வரியைத் தப்பாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். திருத்தப் போனால் மாட்டிக்கொள்வேன். மறுபடியும் தப்பாகவே பாடுகிறாள். எழுந்து போகாமல் எத்தனை நேரம்தான் இப்படி எழுதிக்கொண்டே—