ஹால்வர்சன் தீர்ப்பு

என்னவருக்கு,

இங்கே பனி விலகிவிட்டது. பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றினேன்.

பக்கத்துப் பண்ணை லோர்னாவின் மகனை நேற்று விடுதலை செய்துவிட்டார்கள். வாரண்ட் இல்லாமல் போலீஸ் அவன் வண்டியைச் சோதித்தது செல்லாதாம். நீதிபதி ஆதாரமாகக் காட்டியது, உங்கள் வழக்கில் நம் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை. அதை எல்லோரும் உங்கள் பெயரால் 'ஹால்வர்சன்' என்றே சொல்கிறார்கள்.

மாலையில் லோர்னா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான்டி என் புள்ள வெளிய வந்தான். அவரு மட்டும் ஏன் இன்னும் உள்ள இருக்காரு?"

"மாநில கோர்ட்டுல ஜெயிச்சோம். அப்புறம் அவரு வண்டியில எடுத்த அதே துப்பாக்கிய வச்சு மத்திய அரசுக்காரங்க தனியா கேஸ் போட்டாங்க. மாநிலத் தீர்ப்பு அவங்களக் கட்டுப்படுத்தாது. அவங்க கோர்ட்டோட பழைய தீர்ப்புப்படி அந்தச் சோதனை செல்லும்."

"ஒரே வண்டி, ஒரே துப்பாக்கி. இது என்னடி நியாயம்?"

அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

இன்று அவள் மகன் விறகு பிளந்து தர வந்தான். சாப்பிடச் சொன்னேன். நேரே போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அவ்வளவு பசியோடு சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தேன்.

உங்கள் மனைவி