காதில் விடாத எண்ணெய்

என்னங்க, அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசில்லை. ஸ்ரீரங்கத்துல அக்காவைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடுவேன். ஃபிளாஸ்க்ல கஞ்சி வடிகட்டி வச்சிருக்கேன். பல்லுல கட்டின கம்பி அசையாம ஸ்ட்ரா போட்டுக் குடிங்க. காதுப் பஞ்சை நோண்டாதீங்க.

மத்தியானம் பக்கத்து வீட்டு பரக்கத் பாய் உங்களைப் பார்க்க வர்றார். கதவைத் தாழ் போடாதீங்க. அவரோட நடுச்சுவர்ச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க சைக்கிள்லேர்ந்து விழுந்து காதுல ரத்தம் வந்தப்ப, நான் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊத்தப் போனேன். கரண்டியைத் தட்டிவிட்டு உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது அவர்தான். உடைஞ்ச தாடை எலும்பு காதுக்குள்ள குத்தியிருக்கு, எண்ணெய் விட்டிருந்தா சீழ் பிடிச்சிருக்கும்னு டாக்டரே சொன்னார்.

டோரதி

இன்னொண்ணு. நேத்து அவர் வீட்டம்மா கையைப் பிடிச்சு நான் அழுதுட்டேன். இன்னிக்கு நீங்க அவர் கையைப் பிடிங்க. வாயைக் கட்டியிருக்குன்னு சாக்கு வேணாம், கை நல்லாத்தான் இருக்கு.