சம்மட்டியும் முட்டுகிற மாடும்

வியாழக்கிழமை.

திருமழிசைப் பட்டறையில் இன்று வேலு ஓங்கிய சம்மட்டியின் தலை கழன்று பறந்தது. எதிரே நின்ற குமாரின் காதை உரசிப் போய்ச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்தது. குமாருக்கு ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

மாலையில் முகப்பேரில் ஜெபக்கூட்டம். பத்துக் கட்டளைகளில் வாரம் ஒன்றை எடுக்கிறார் பாஸ்டர். போன வாரம் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது. மேலே இருக்கிற எல்லோருக்கும் அது பொருந்தும் என்றார். சூப்பர்வைசரான எனக்கு அது பிடித்திருந்தது. இன்று கொலை செய்யாதிருப்பது. நான் சம்மட்டிக் கதையைச் சொன்னேன்.

"மோசே சட்டத்துலயே இருக்கு பிரதர். மரம் வெட்டும்போது கோடரி கழண்டு ஒருத்தன் செத்தா, வெட்டுனவன் கொலைகாரன் இல்ல. அவன் ஓடிப்போய்த் தங்க அடைக்கலப் பட்டணம் உண்டு. உங்க வேலுவுக்கும் அங்க எடம் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து பைபிளில் அதைத் தேடியபோது வேறொரு சட்டம் கண்ணில் பட்டது. மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. முட்டுகிற மாடு என்று முன்பே சொல்லியும் அவன் கட்டி வைக்கவில்லை என்றால், அவனும் சாக வேண்டும்.

போன திங்கட்கிழமை வேலு வந்து, "அண்ணாத்தே, சம்மட்டிப் பிடி ஆடிக்கினே கீது" என்றான்.

"இந்த லோடு போவட்டும். நீ அடி" என்றேன்.

என் பேச்சைத் தட்டுகிறவன் இல்லை. மூன்று நாள் அடித்தான்.

கூட்டத்தில் திங்கட்கிழமையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பட்டறையில் வேலுவும் திறக்கவில்லை.