முப்பத்தொன்றாம் கண்ணாடி

1877 ஒக்டோபர் 9, செவ்வாய்

மழை. பதினான்கு கண்ணாடிகளுக்குத் தலைப்பு ஒட்டினேன்.

துரை கண்டிப் பக்கம் எடுக்கும் படங்களைச் சிறு கண்ணாடிகளில் ஏற்றிச் சீமைக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு மண்டபத்தை இருட்டாக்கி, விளக்கு வைத்து, சுவரில் ஆளுயரத்துக்குக் காட்டுவார்களாம். ஒருவர் பக்கத்தில் நின்று தலைப்பை உரக்க வாசிப்பாராம். அந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவதும் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவதும் ஆறு வருடமாக என் வேலை. துரையின் விதி ஒன்றுதான்: பேர் வேண்டாம், வகை போதும். 'கோப்பி பறிக்கும் பெண்.' 'தமிழ்க் கூலி.' 'பாம்பாட்டி.'

என்னையும் அவர் 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். ஹாஷிமின் சாப்பாட்டுக் கடையிலும் நான் ரைட்டர்தான். பேர் சொல்லி என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது யார்? மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியார்கூடக் கேட்பதில்லை.

ஒக்டோபர் 13

கூலிகள் மட்டும் பத்தொன்பது. எல்லாருக்கும் ஒரே தலைப்பு. வேலை சீக்கிரம் முடிந்தது.

ஒக்டோபர் 17, புதன்

கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் வேலாயி. இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் கணபதி மாசியில் பேதியில் போய்விட்டானாம். அதற்கு முந்திய மாதம் துரை அவனைப் படம் எடுத்தாராம்.

"புள்ள அப்பன் மொகத்தப் பாத்ததே இல்லீங்க. ஒரு தடவ காட்டணும்."

துரை ஹேவாஹெட்டவில் இருக்கிறார், வர அடுத்த வாரம் ஆகும். பெட்டியைத் திறந்து, பத்தொன்பது கூலிகளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "இது கறுப்பையா மச்சான்." "இது பொன்னையா, இப்ப மாத்தளையில இருக்காரு." கணபதி மட்டும் இல்லை. நான் ஒரே சொல்லில் முடித்தவர்களில் பாதிப் பேருக்கு அவளிடம் பேர் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாளைக்கு வருகிறேன் என்று போனாள். இந்த மழையில் எங்கே தங்குவாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒக்டோபர் 18

வந்தாள். ஒன்று ஞாபகம் வந்ததாம். "தொரை பட்டுச் சட்ட போட்டுவிட்டு, கையில ஈட்டி குடுத்தாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க."

முப்பத்தொன்று! 'கண்டிப் பிரதானியின் ஈட்டிக்காவலன்.' சீமையில் கூலிகளாகவே பார்த்தால் அலுத்துவிடும், நடுவில் ஒரு வீரன் வரட்டும் என்று சொன்னவன் நான். தலைப்பும் நான் வைத்ததுதான். துரை மெச்சினார். அன்றெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜன்னலில் பிடித்தேன். முதலில் சிரித்தாள். "யாரோ ராசா மாதிரியில்ல இருக்கு." பிறகு, "காது அவரு காதுதாங்க" என்றாள். பிள்ளை கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

இன்னொரு பிரதி போடலாமென்றால், படம் முதலில் பதியும் மூலக் கண்ணாடி இல்லை. வேலை முடிந்த மூலக் கண்ணாடிகளை வெள்ளிதோறும் கழுவி, மறுபடி பாவிக்க எடுத்து வைப்பவன் நான். இதைப் போன வெள்ளி கழுவினேன். என் கையாலேயே. கணபதி இனி இந்த ஒரு துண்டில் மட்டும்தான் இருக்கிறான். அதுவும் சனிக்கிழமை ரயிலில் கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது.

பெட்டியில் அறுபது என்று பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்று குறைந்தால் வேலை போகும். வேலை போனால் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? வேலை இருக்கும்போது மட்டும் என்ன இருக்கிறது—

ஒக்டோபர் 19

குடுத்துட்டேன்.

பழைய தலைப்பை வெந்நீர் தொட்டு உரித்துவிட்டு, 'கணபதி' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "இதுதான் அவரு பேருங்களா?" என்று விரலால் தடவினாள். படி இறங்கியவள் திரும்பி, "உங்க பேரு என்னங்க?" என்றாள். சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன வருடம் விளக்கைச் சோதிக்க என்னை நிறுத்தி எடுத்த சிறு கண்ணாடி ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதை முப்பத்தொன்றின் இடத்தில் வைத்தேன். விளக்குக்காரன் தலைகீழாகச் செருகாமலிருக்க எல்லாவற்றுக்கும் ஒட்டும் வெள்ளைப் பொட்டை அதன் மூலையிலும் ஒட்டினேன். தலைப்புக்குத்தான் அரைமணி நேரம் ஆயிற்று. அடுத்தவர்களுக்கு நொடியில் எழுதியவன் நான். கடைசியில் 'கிறகரி, கண்டி' என்று எழுதினேன். பட்டியலிலும் பதிவிலும் அப்படியே மாற்றினேன்.

எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் என் பேரை உரக்கச் சொல்லப்போகிறார்.

நவம்பர் 25, ஞாயிறு

பூசைக்குப் போனேன். யாரோடும் பேசவில்லை. கண்ணாடி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

1878 பெப்ரவரி 12

சீமைக் கடிதம் வந்தது. படங்களைச் சனங்கள் ரசித்தார்களாம். 'முப்பத்தொன்றில் வெறும் பேர் மட்டும் இருந்தது. அதைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் விளங்காது. சுதேசி ஒருவன் என்று மாற்றி வாசித்தோம்.'

முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று துரைக்கு ஞாபகமே இல்லை. பதிவைப் புரட்டினார். "யார் இந்த கிறகரி, ரைட்டர்?" என்றார்.

"தலைப்புப் பிழை, துரை."

பதிவைத் திருத்தச் சொன்னார். 'சுதேசி ஒருவன்' என்று திருத்தினேன். ஆறு வருடத்தில் இவ்வளவு கேவலமாக நான் எதையும் எழுதியதில்லை.

மார்ச் 8, வெள்ளி

துரை முன்னறையில் கதிரையில் இருந்தார். நான் உள்ளே கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"கிறகரி அண்ணே இருக்காங்களா?"

"அப்படி ஆள் இங்கே இல்லை" என்றார் துரை. பொய் சொல்லவில்லை. பாவம், அவருக்குத் தெரியாது.

கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தேன். "நான்தான்" என்றேன்.

துரை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேலாயி அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள், மூலையில் பெயர்ந்துபோன பேரை மறுபடி ஒட்டித்தரக் கேட்டு வந்திருக்கிறாள். துரை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பட்டுச் சட்டையையும் ஈட்டியையும் அடையாளம் கண்டுகொண்டார்.

"கிறகரி," என்றார், "முப்பத்தொன்று என்ன படம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார். வேலை இருக்குமோ, போகுமோ, தெரியாது. பசை கிண்டி, கணபதியின் பேரை ஒட்டிக் கொடுத்தேன். போகும்போது பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு போனது. என்னைக் காட்டி, மாமா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.