கீழே வைத்த கல்

அன்புள்ள அம்மா,

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப் போகிறேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அழவில்லை. அதையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

இந்தத் தவக்காலத்திலும் அப்பாவும் ரோஸி அத்தையும் நானும் நம் காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் போய், கடைசி ஸ்டாப்பில் இறங்கி, பழைய மாதா கோயிலுக்கு நடந்தோம். ஆளுக்கொரு கல். அந்தக் கோயிலைக் கட்டியவர்களும் இப்படித்தான் சுமந்தார்களாம். சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்தார்களாம், புத்தகத்தில் படித்தேன். இப்போது வளர்வது சுற்றுச்சுவர் மட்டும்தான்.

உன் கல்லை அப்பா சுமந்தார். எதிர் வீட்டை இடித்தபோது, அடுத்த வருடத்துக்கென்று நீ பொறுக்கி வந்து குழாயடியில் வைத்தாயே, அதே கல். மழைக்காலத்தில் நீ கண்ணை மூடிய பிறகும் அது அங்கேயே இருந்தது. எனக்கும் முதல் முறையாக ஒரு கல் கொடுத்தார்கள். தேங்காய் அளவு.

ராகி அறுத்த வயல்கள் காய்ந்து கிடந்தன. நடுவில் புதிதாக ஒரு அபார்ட்மெண்ட் விளம்பரப் பலகை. அப்பா எதையும் பார்க்கவில்லை.

டீக்கடையில் நின்றோம். போன வருடம் பெஞ்ச் ஆடி உன் புடவையில் டீ கொட்டியதே, அந்தக் கடைதான். "ரெண்டு டீ. ஒண்ணு சர்க்கரை கம்மி" என்றார் அப்பா. கடைக்காரர் இரண்டு கிளாஸை நீட்டினார். இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்பா கல்லைத் தரையில் வைத்துவிட்டார்.

"அண்ணா! என்ன பண்ணிட்டீங்க?" என்றாள் ரோஸி அத்தை.

வழியில் தரையைத் தொட்ட கல் அந்த இடத்துக்கே சொந்தம். சுவரில் சேராது. நீதான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

"எடுத்துக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அப்பா.

"நமக்குத் தெரியுமே. ரெண்டு டீ யாருக்கு? நான்தான் இன்னைக்கு ஒருசந்தி, டீ கூடக் குடிக்க மாட்டேன்னு காலையிலேயே சொன்னேனே."

 அப்பாவின் கையில் கிளாஸ்கள் இரண்டும் அப்படியே இருந்தன. அத்தைக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு டீ பிடிக்காது, உனக்கே தெரியும். உனக்கென்று வாங்கிய சர்க்கரை கம்மியான கிளாஸை வாங்கிக் குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

"இரலி பிடம்மா" என்றார் கடைக்காரர் கன்னடத்தில், இருக்கட்டும் விடு என்பதுபோல. உன் கல் அங்கேயே நின்றுவிட்டது.

கோயில் சுவரருகே கொத்தனார் கலவையைப் பரப்பிவிட்டு, "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போது என் பெயரைச் சொல்வதாகத்தான் இருந்தேன். "ஸ்டெல்லா" என்று உன் பெயரைச் சொன்னேன். பள்ளியில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல வந்தது குரல். என் கல்லை வைத்தேன். அவர் கரணையால் இரண்டு தட்டுத் தட்டினார். இப்படி மாற்றிச் சொல்லலாமா அம்மா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

திரும்பும்போது அதே கடை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்ச் ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்கு அடியில் உன் கல்லைச் செருகியிருந்தார் கடைக்காரர்.

அப்பா நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, "இதுக்கொரு கல்லு வெக்கக் கூடாதான்னு போன வருஷம் அவரைத் திட்டுனா உங்கம்மா" என்றார்.  

அடுத்த வருடம் எனக்கென்று ஒரு கல் எடுத்து வருவேன். என் பெயரையே சொல்வேன். டீயை அத்தை வாங்கட்டும். அப்பாவின் கையில் கல் இருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒன்று குடிப்பேன். இது சத்தியம்.

உன் மகள்,
ஜெசிந்தா

எழுதி முடித்ததும் அப்பா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.