கண்ணாடி இறங்க வேண்டும்

ஜனவரி 6, செவ்வாய்

இன்றும் கார்க் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. இவர் ஓட்டும் பக்கத்துக் கதவின் உள்பிடி உடைந்து எவ்வளவோ நாள். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறப்பார். மற்றப் பக்கமாக இறங்க முழங்கால் மடங்காது. அப்படியென்றால், கண்ணாடி இறங்காத நாளில் இவர் உள்ளேதான். நவம்பர் மழையில் தெல்தோட்டைப் பாதை எத்தனை இடத்தில் சரிந்து கிடக்கிறது! கடைகளுக்கு பிஸ்கட் போட அதில்தான் போகிறார்.

சொன்னால், "காருக்கும் வயசு, எனக்கும் வயசு. ரெண்டு பேரும் மெதுவாத்தான் தொறப்போம்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 7

மத்தியானம் கண்ணாடி ஓடும் ரப்பருக்குள் தேங்காய் எண்ணெய் விட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான். தையல் மெஷினுக்கும் அதைத்தானே விடுகிறேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடி வழுக்கிக்கொண்டு சுற்றியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 8

சுபஹ் தொழுகை முடிந்து காரை எடுக்கப் போனார். ஹாரன் சத்தம், விடாமல். ஓடினேன். கண்ணாடி ஒரு விரல்கூட இறங்கவில்லை. உள்ளே இவர் திருகித் திருகி முகமெல்லாம் வியர்வை. வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.

"பாயிஸா, ஒங்கட எண்ணெ என்னெயே புடிச்சி வச்சிட்டு."

வீட்டு வாசல், அதனால் நான் இருந்தேன். பாதையில் யார் இருப்பார்?

முட்டை பொரிக்க எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். விழவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. இந்தக் குளிரில் தினமும் சுடுதண்ணீரில் வைத்து இளக்குகிறவள் நான்தானே? யா அல்லாஹ், இதையா கதவுக்குள் ஊற்றினேன்?

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு குண்டசாலையில் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்கார நிரஞ்சன் கதையைக் கேட்டுவிட்டு, "என்னா ஹபீல் நானா, தல சீவிப் பூவும் வச்சீங்களா காருக்கு?" என்றார். இவருக்கு இருமும் வரை சிரிப்பு.

"சோப்புத் தண்ணில தொடச்சி, நல்லா காயவிட்டு இந்த ஸ்ப்ரேய அடிங்க. எண்ணெ பக்கமே போகாதீங்க."

உள்பிடி இந்தக் காருக்கு இப்போது வருவதில்லையாம்.

பின்னேரம் முழுக்க, கரண்டிக் காம்பில் துணி சுற்றி ரப்பர் பள்ளத்தைத் துடைத்தேன். கறுப்புக் களி. காய்ந்ததும் சிலிக்கன் ஸ்ப்ரே அடித்து, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. அதன் விலையைக் கார்ச் செலவில் எழுத மனம் வரவில்லை. மருந்துச் செலவில் எழுதினேன்.

ஜனவரி 10

விடியற்காலைக் குளிரிலும் இறங்கியது. இருந்தாலும் யாசீன் ஓதினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

விடிய விடிய மழை. "இண்டைக்குப் போக வாணாமே" என்றேன். "கடைக்காரன் பாத்துட்டு இருப்பான் புள்ள" என்று போய்விட்டார்.

மத்தியானம், லுஹர் தொழுகை நேரமும் ஆயிற்று. போன் எடுக்கவில்லை. தஸ்பீஹ் மணி எண்ணிக்கை தவறித் தவறிப் போகிறது. கண்ணாடி இறங்கும் — நான்தானே துடைத்தேன். ஆனால் நனைந்தால்? நனைத்துப் பார்க்கவே இல்லையே. ஏன் பார்க்காமல் விட்டேன்?

அதே நாள், மஃரிப் தொழுகைக்குப் பிறகு

வந்துவிட்டார், யாரோ ஒருவரின் ஆட்டோவில். நெஞ்சு வரை சேறு. ஓடை பாதைக்கு ஏறி, காரைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டதாம். தண்ணீர் அழுத்தி, கையை வெளியே விட்டும் கதவு திறபடவில்லையாம்.

"கண்ணாடி முழுக்க எறங்கிட்டு. தேயிலத் தோட்டத்து ஆக்கள் அதாலதான் இழுத்தெடுத்தாங்க."

அதைச் சொல்லும்போது இவர் சிரிக்கவில்லை.

கார் எங்கே கிடக்கிறது, பிஸ்கட் எவ்வளவு போயிற்று — கேட்கவில்லை. என் இடது கையைப் பிடித்தபடியே தூங்குகிறார். விரல் வலிக்கிறது. இழுக்காமல் இருக்கிறேன்.