கடற்கரை அருங்காட்சியகத்தில் ஒரு நீல மேல்சட்டை

அனுப்புநர்:
மப்ரூக்கா பின்த் அலி,
(காலஞ்சென்ற சாலிம் அவர்களின் மனைவி)
மட்டி தோண்டும் தொழிலாளி,
பள்ளிவாசல் பின்தெரு, ராஸ் ஸெய்த்தூன்,
தெற்குத் துனீசியா.

பெறுநர்:
உயர்திரு அரசு வழக்கறிஞர் அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்.

பொருள்: காணாமல் போன என் மகன் நிஸார் (வயது 19) குறித்து நான் கொடுத்த பொய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதும், இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டுவதும் தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் 19.11.2021 அன்று நான் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது அமைதி உண்டாவதாக.

1. நீதிமன்ற வாசலில் மனு எழுதித் தருபவரிடம் முதலில் போனேன். அவர் என் கதையைப் பாதி கேட்டுவிட்டு, "சுருக்கமாச் சொல்லும்மா, ஒரு பக்கத்துக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஆகவே நானே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

2. இம்மாதம் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பாரம்பரிய மாதத்தை முன்னிட்டு எங்கள் மாதர் சங்கம் இரண்டு அருங்காட்சியகங்களுக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்திருந்தது. எனக்குப் போகும் மனநிலை இல்லை. மகன் போனதிலிருந்து கடலுக்கும் வீட்டுக்கும் நடப்பதைத் தவிர வேறு எங்கும் நான் போனதில்லை. பக்கத்து வீட்டு ஸல்ஹா விடவில்லை. "வீட்டுக்குள்ளயே கெடந்து புழுத்துப் போவியா? பஸ்ஸு சும்மா, டிக்கெட்டு சும்மா. உன் மூஞ்சிக்கு மட்டுந்தான்டி சிரிப்பு வாங்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3. காலையில் பார்த்தது நகரத்திலுள்ள பெரிய அருங்காட்சியகம். குளிரூட்டிய கூடம், பளிங்குத் தரை, சீருடைக் காவலர்கள். உடைந்த பானைக்குக்கூட அது எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை முழ ஆழத்தில் கிடைத்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். ரோமானியர் காலத்துக் கல்லறைக் கல் ஒன்றின் முன் நின்று, வழிகாட்டிப் பெண் அதைப் படித்துக் காட்டினார். பையனின் பெயர், தகப்பன் பெயர், பத்தொன்பது ஆண்டு நான்கு மாதம் வாழ்ந்தான், தாய் இக்கல்லை நாட்டினாள். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன் செத்தவனாம். மற்ற பெண்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். ஐயா, அந்தத் தாய்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

4. ஒலிவ மரத்தடியில் ரொட்டியும் ஹரீஸா மிளகாய் விழுதும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனோம். எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. அதைத் தனியொருவராக நடத்துபவர், உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெஷீர் என்ற பெரியவர். கடல் கரையில் ஒதுக்குவதையெல்லாம் முப்பது வருடமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். போத்தல்கள், வலை மிதவைகள், ஒரு திமிங்கலத்தின் முதுகெலும்பு. எங்கள் பெண்கள் அந்த எலும்பின்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "பாத்து உக்காருங்க தாய்மாருங்களா, செத்தும் அதுக்கு நிம்மதி இல்ல" என்று பெரியவர் சிரித்தார்.

5. கொல்லைப்புறக் கொட்டகையில் காலணிகள் குவிந்திருந்தன. அதற்கு மேல் ஒரு கயிற்றில் துணிகள். அந்தப் பக்கம் வர அவர் யாரையும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். மூன்றாவதாகத் தொங்கியது ஒரு நீல மேல்சட்டை. நீல மேல்சட்டை ஊரில் ஆயிரம் இருக்கும். இதன் இடது உள்பையோரம் நைலான் வலைநூலால் தைத்திருந்தது. பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும் என்பதால் மட்டி தோண்டும் நாங்கள் மட்டும்தான் துணியை அப்படித் தைப்போம். விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே சிவப்புக் கம்பளித் துணியில் வெட்டிய ஒரு மீன், கட்டை விரல் அளவு. நிஸாருக்குச் சுன்னத் செய்தபோது வாங்கிய சிவப்புத் தொப்பியிலிருந்து நான் வெட்டிய மீன் அது. கண்ணேறு படாமல் இருக்க, தூரப் பயணம் போகும் பிள்ளைக்கு எங்கள் பக்கம் தாய்மார் தைத்துவிடுவது.

நான் கூச்சல் போடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று ஸல்ஹா பிறகு சொன்னாள்.

6. பெரியவர் பெஷீர் தம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். 3.10.2021 தேதியில் அவர் கையெழுத்தில் இருப்பது: "தெற்குக் கரை. காலை. நீல மேல்சட்டை ஒன்று. இந்த வாரம் இதே கரையில் மூன்று பேர் ஒதுங்கினர். நகராட்சிக்குச் சொன்னேன். ஆட்களை எடுத்துப் போனார்கள், துணியை விட்டுப் போனார்கள்." அவர் சட்டையைக் கயிற்றிலிருந்து எடுத்து என் மடியில் வைத்து, "இது உன்னுது தாயீ, எடுத்துக்கிட்டுப் போ. நான் இத்தன நாளு பாதுகாத்தேன், அவ்வளவுதான்" என்றார். நான் முகத்தில் வைத்துப் பார்த்தேன். கடல் வாடை மட்டும்தான் இருந்தது. பிறகு நானே அதைத் திரும்பக் கயிற்றில் மாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால், மீனைப் பிறகு நானே தைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடும் அல்லவா. ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் இப்படி யோசிக்கத் தோன்றியதே என்று இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

7. மறுநாள் காவல் நிலையம் போனேன். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். கோப்பை எடுத்துப் படித்துவிட்டு, "உங்க பையன் ஸ்ஃபாக்ஸ்ல சித்தப்பா வீட்டுக்கு வேல தேடிப் போனான்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க. வெள்ளச் சட்டன்னும் இருக்கு. கடலுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மீனைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்ஃபாக்ஸுக்கு ஷேர் டாக்ஸில போறவனுக்கு எதுக்கும்மா மீனு?"

எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதிலே இந்த மனு.

8. ஐயா, என் மகன் ஸ்ஃபாக்ஸுக்குப் போகவில்லை. 27.9.2021 அன்று, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கடல் தாண்டி இத்தாலி போகும் படகைப் பிடிக்கப் போனான். எனக்குத் தெரியும். மேல்சட்டையை மடியில் போட்டு மீனைத் தைத்ததே நான்தான். அவன் பக்கத்தில் நின்று, "மீனு பெருசாத் தெரியுதும்மா, பசங்க கேலி பண்ணுவானுங்க" என்றான். உள்பக்கமாகத் திருப்பித் தைத்தேன்.

9. பொய் ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் கடல் தாண்டுகிறவனின் வீட்டில் எல்லோரும் ஸ்ஃபாக்ஸ் என்றுதான் சொல்வோம். நாங்கள் அனுப்பியதாகச் சொன்ன பிள்ளைகளெல்லாம் உண்மையில் அங்கே போயிருந்தால், அந்த நகரத்தில் நிற்க இடமிருக்காது. அக்கரையிலிருந்து போன் வந்ததும் குலவையிட்டு, தெருவுக்கே சர்பத் கொடுத்து, சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இதுதான் வழக்கம். எனக்குப் போன் வரவில்லை. பொய் அப்படியே நின்றுவிட்டது. ஏழு வாரம் கழித்துக் காவல் நிலையம் போனபோதும், எங்காவது உயிரோடு ஒளிந்திருந்தால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்து அதையே சொன்னேன். சட்டையின் நிறத்தைக்கூட மாற்றிச் சொன்னேன். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து, யாரும் தேட முடியாதபடி நானே அவனை ஒளித்து வைத்துவிட்டேன். இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

10. அந்த வாரம் கரையொதுங்கிய மூவரும், அந்தக் கடற்கரையோரமே அந்நியர்களுக்காக ஒதுக்கப்பட்ட மையவாடியில் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. 112, 113, 114 என்று எண் மட்டும். நகராட்சிப் பதிவேட்டில் மூவருக்கும் "ஆண், சுமார் இருபது வயது, ஆப்பிரிக்கர் எனக் கருதப்படுகிறது" என்று ஒரே வரி. அதில் தவறில்லை. நாமும் ஆப்பிரிக்கர்தானே, ஐயா.

11. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) பார்வையில் கண்ட என் வாக்குமூலம் பொய் என்பதை ஏற்று, அதற்குரிய தண்டனையை எனக்கு விதிக்க வேண்டும். நான் வக்கீல் வைக்கப் போவதில்லை.

(ஆ) பெரியவர் பெஷீரின் நோட்டுப் புத்தகத்தையும் மேல்சட்டையையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர். சட்டையை ஏன் வைத்திருந்தாய் என்று அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. அவர் வைத்திருக்காவிட்டால் அதுவும் இல்லை.

(இ) என் இரத்தத்தை எடுத்து அந்த மூன்று கல்லறைகளில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டும். மூவரில் யாரும் என் மகன் இல்லை என்று முடிவு வந்தாலும், அதையும் எழுத்தில் தர வேண்டும்.

12. கடைசியாக ஒன்று. இந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் அந்த மையவாடிக்குப் போய் வந்தேன். எது அவனுடையது என்று தெரியாததால் மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன், மூன்றுக்கும் பாத்திஹா ஓதினேன். மற்ற இருவரின் தாய்மார் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, தம் பிள்ளை எங்கே போனதாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. எது என் மகன் என்று தாங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும், மற்ற இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவதை நான் நிறுத்த மாட்டேன். ஆனால் எந்த ஒன்றின் முன்னால் நின்று, "நிஸார், அம்மா பொய் சொல்லிட்டேன்டா" என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
மப்ரூக்கா பின்த் அலி
நிஸாரின் தாய்

இடம்: ராஸ் ஸெய்த்தூன்
தேதி: 22.5.2023